கொலையாளியைக் காட்டாமல் கொலையைச் சொல்வது: குற்றப் படப் போஸ்டர்களைப் படிக்க ஓர் அறிமுகம்

1931ல் ஜெர்மனியில் வெளியான 'எம்' படத்துக்குச் செய்த போஸ்டர்களில் ஒன்றில் ஒரே ஒரு கைதான் இருக்கிறது. இருட்டுப் பின்னணியில் நம்மைப் பார்த்து விரிந்திருக்கும் உள்ளங்கை. அதன் நடுவில் சிவப்பாக ஓர் எழுத்து. நாயகனின் முகம் இல்லை, துப்பாக்கி இல்லை, பிணம் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் ஏதோ பயங்கரம் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

பெர்லின் நகரத்தில் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை அது. இயக்கியவர் ஃப்ரிட்ஸ் லாங். படம் பார்க்காதவர்கள் அந்தக் கையைக் கொலைகாரனின் கை என்றுதான் நினைப்பார்கள். படத்தில் நடப்பது வேறு. போலீஸ் கொலைகாரனைப் பிடிக்க முடியாமல் திணறுகிறது. போலீஸ் கெடுபிடியால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று நகரத்துத் திருடர்கள் பிச்சைக்காரர்களின் உதவியோடு தாங்களே அவனைத் தேட இறங்குகிறார்கள். அவனைப் பின்தொடரும் ஒருவன் தன் உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் 'எம்' என்று எழுதிக்கொள்கிறான். தற்செயலாக இடிப்பதுபோல் போய் அவன் தோளில் ஓர் அடி. கோட்டில் எழுத்து பதிந்துவிடுகிறது. ஜெர்மன் மொழியில் கொலைகாரன் என்ற சொல்லின் முதல் எழுத்து அது. இடவலமாகத் திருப்பினாலும் அதே வடிவம்தான் என்பதால், கையிலிருந்து கோட்டுக்குப் போனாலும், அவன் திரும்பிக் கண்ணாடியில் பார்த்தாலும் மாறாமல் தெரியும்.

ஆக, போஸ்டரில் இருப்பது கொன்ற கை அல்ல, துரத்துகிற கை. கொலைகாரனைத் தேடும் ஊரே கொலைவெறிக் கும்பலாக மாறுவதுதான் அந்தப் படத்தின் மையம். போஸ்டர் அதை முதலிலேயே சொல்லிவிட்டது. நமக்குத்தான் படம் முடியும்வரை புரியாது.

குற்றப் படப் போஸ்டர் என்ற வகைக்கே உரிய சிக்கல் இதில் முழுதாக இருக்கிறது. காதல் படத்துக்குப் போஸ்டர் செய்பவர் காதலர்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குற்றப் படத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. இதில் ஒரு குற்றம் இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும், அதே நேரத்தில் யார், ஏன், எப்படி என்பது தெரியக் கூடாது. நல்ல போஸ்டர் இதை விடுகதை போடுபவர்போல் சமாளிக்கிறது. விடுகதையில் விடை மறைந்திருக்கும், ஆனால் சொன்ன எதுவும் பொய்யாக இருக்காது. குற்றப் படப் போஸ்டரை மதிப்பிட எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: படம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கும்போது அது நம்மை ஏமாற்றியிருக்கக் கூடாது, முன்பு கவனிக்காத ஒன்றை இப்போது காட்ட வேண்டும்.

புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்கள் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டால் போதும். கண் முதலில் எங்கே போகிறது? இருக்க வேண்டிய எது இல்லை? படத்தின் பெயரை விரலால் மறைத்துவிட்டால் மிச்சம் என்ன சொல்கிறது? நிறம், இடைவெளி, எழுத்து, நிழல் என்று வடிவமைப்பாளர்கள் பேசும் எல்லாமே இந்த மூன்றுக்குள் வந்துவிடும்.

இருட்டும் கோணலும்

குற்றப் படம் என்றதும் நினைவுக்கு வருவது கறுப்பு வெள்ளைதான். ஜன்னல் பட்டிகளின் நிழல் விழுந்த முகம், மழையில் நனைந்த தெரு, தொப்பி போட்ட துப்பறிவாளர். 1940களில் ஹாலிவுட்டில் வந்த இந்த வகைப் படங்களை ஃபிலிம் நுவார் என்கிறார்கள். அந்தப் படங்கள் கறுப்பு வெள்ளை. ஆனால் அவற்றின் போஸ்டர்கள் பெரும்பாலும் பளிச்சென்ற வண்ணத்தில் இருந்தன. மஞ்சள் எழுத்து, சிவப்பு உடை, நீலம் பூசிய இரவு. திரையரங்கு வாசலில் வைக்கும் அமெரிக்கப் போஸ்டருக்கு அன்று வழக்கமான அளவு 27 × 41 அங்குலம். அந்த அளவுக்குள் ஓவியர்கள் வண்ணத்தில் வரைந்துதான் ஆட்களை உள்ளே இழுத்தார்கள். படத்தில் இல்லாத நிறத்தைப் போஸ்டர் காட்டியது ஏமாற்று வேலைதானே என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கறுப்பு வெள்ளைத் திரையில் வெளிச்சமும் நிழலும் செய்த வேலையைத் தெருவில் நிறம்தான் செய்ய முடியும். ஒரு பெண்ணின் சிவப்பு உடை மட்டும் பளிச்சிட்டு, பக்கத்தில் நிற்கும் ஆணின் முகம் பச்சை கலந்த நிழலில் கிடந்தால், யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள் என்பது ஒரு வசனமும் இல்லாமல் வந்துவிடுகிறது.

அந்தப் போஸ்டர்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். எதுவும் நேராக இருக்காது. தலைப்பு சாய்ந்திருக்கும், உடல்கள் சாய்ந்திருக்கும், நிழல் குறுக்கே வெட்டும். சாய்ந்த கோடு கண்ணுக்கு நிம்மதி தராது. விழப்போகும் பொருளைப் பார்க்கும் பதற்றம் அதில் இருக்கிறது. இந்தப் பழக்கத்தின் வேர் ஜெர்மனியில். 1920ல் வந்த 'டாக்டர் காலிகாரியின் அறை' படத்தில் வீடுகளும் ஜன்னல்களும் தெருவிளக்குகளும்கூடக் கோணல்மாணலாக இருக்கும். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மன், ஆஸ்திரியத் திரைக்கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஃப்ரிட்ஸ் லாங் 1933ல் கிளம்பி, பிறகு ஹாலிவுட்டில் குற்றப் படங்கள் எடுத்தார். அந்தக் கோணல் பார்வையும் அவர்களோடு கடல் கடந்தது.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பு என்றால் ரத்தம், கறுப்பு என்றால் சாவு என்று அட்டவணை போட்டுப் படித்தால் சீக்கிரமே வழி தவறிவிடுவோம். இத்தாலியில் மொண்டாடோரி பதிப்பகம் 1929ல் மஞ்சள் அட்டை போட்டுத் துப்பறியும் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. அவை அவ்வளவு பரவியதால் அங்கே மஞ்சள் என்றாலே கொலைக்கதை என்றாகிவிட்டது. பின்னாளில் அவர்களுடைய கொலைப் படங்களுக்கும் அந்த நிறமே பெயரானது. மஞ்சளைக் கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் தடவுகிற நமக்கு அது வேறு நிறம். ஒரு நிறத்தின் பொருள் அந்த ஊர் மக்கள் அதை எங்கே பார்த்துப் பழகினார்கள் என்பதில் இருக்கிறது.

துண்டு துண்டாக ஓர் உடல்

1950களின் நடுப்பகுதிவரை ஹாலிவுட் போஸ்டருக்கு ஒரு பொதுச் சூத்திரம் இருந்தது. நட்சத்திரங்களின் முகங்கள் பெரிதாக, கீழே இரண்டு மூன்று சின்னக் காட்சிகள், ஒரு முத்தம், ஒரு சண்டை, எல்லாருக்கும் ஏதாவது ஒன்று. இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் சால் பாஸ். நியூயார்க்கில் 1920ல் பிறந்த வடிவமைப்பாளர். இயக்குநர் ஓட்டோ பிரெமிங்கருக்காக 1955ல் போதைப் பழக்கத்தைப் பற்றிய ஒரு படத்துக்கு, முறுக்கிய கறுப்புக் கை ஒன்றை மட்டும் அடையாளமாக வைத்தார். அதே கூட்டணி 1959ல் செய்ததுதான் 'அனாடமி ஆஃப் எ மர்டர்'.

போஸ்டரில் ஆரஞ்சு நிறப் பின்னணி. அதன் மேல் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்ததுபோல் ஒரு மனித உடல். தலை தனி, கைகள் தனி, கால்கள் தனி, உடம்பு தனி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி. வெட்டு நேர்த்தியாக இல்லை. விளிம்புகள் கோணலாக, கையால் அவசரமாகக் கத்தரித்த மாதிரி. தலைப்பின் எழுத்துகளும் அதே கத்தரியால் வெட்டியவைபோல ஏறி இறங்கி நிற்கின்றன.

முதல் பார்வைக்கு இது கொலையுண்டவரின் உடல். கொலை நடந்த இடத்தில் பிணத்தைச் சுற்றிப் போலீஸ் போடும் கோட்டையும் நினைவுபடுத்தும். பெயரிலேயே உடற்கூறு இருப்பதால் பிணப் பரிசோதனை மேஜை என்றும் கொள்ளலாம். இவ்வளவும் சரிதான். ஆனால் படத்தைப் பார்த்தால் இன்னொரு அடுக்கு திறக்கும்.

கதை முழுக்க ஒரு நீதிமன்ற விசாரணை. ராணுவ லெப்டினன்ட் ஒருவர் மதுக்கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். தன் மனைவியை அந்த ஆள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான் என்கிறார். சுட்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை. எந்த மனநிலையில் சுட்டார், மனைவி சொல்வது எவ்வளவு உண்மை, வழக்கறிஞர் எதைக் கிளப்புகிறார், எதை அமுக்குகிறார் என்பதுதான் படம். முக்கியமான விஷயம், கொலையைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. ஜூரிகளுக்குக் கிடைப்பதுதான் நமக்கும் கிடைக்கும்: ஒரு சாட்சியிடமிருந்து ஒரு துண்டு, இன்னொரு சாட்சியிடமிருந்து இன்னொரு துண்டு. எல்லாவற்றையும் அடுக்கினாலும் நடுவில் இடைவெளி இருந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போது போஸ்டருக்குத் திரும்புங்கள். அதில் வெட்டுப்பட்டுக் கிடப்பது உண்மையும்தான். அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதலாம். பாஸ் அதை ஒரு கத்தரிக்கோல் வேலையில் சொல்லிவிட்டார். வடிவமைப்பு என்பது அலங்காரம் இல்லை, சிந்தனை என்று யாருக்காவது புரியவைக்க வேண்டுமானால் நான் இந்தப் போஸ்டரைத்தான் காட்டுவேன்.

இந்த உடல் போஸ்டரோடு நின்றுவிடவில்லை. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது அதே துண்டுகள் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்கு வந்து வந்து போகின்றன. இசைத்தட்டின் உறையிலும் அதே உடல். தெருவில் பார்த்தது, திரையில் பார்த்தது, வீட்டில் வாங்கி வைத்தது எல்லாம் ஒரே உருவம். ஒரு படத்துக்கு ஒரே காட்சி அடையாளம் என்ற இன்றைய வழக்கத்துக்குப் பாதை போட்டவற்றில் இதுவும் ஒன்று.

வாயை மூடிய பூச்சி

மனிதக் கண் எந்தப் படத்திலும் முதலில் முகத்தைத் தேடும். அதனால் முகத்தை என்ன செய்வது என்பதுதான் குற்றப் படப் போஸ்டரின் பெரிய முடிவு. பாதியை இருட்டில் விடலாம், முதுகைக் காட்டலாம், கண்ணை மட்டும் விட்டு மற்றதை மறைக்கலாம். 1995ல் வந்த 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' நேர் எதிராக ஐந்து முகங்களையும் முழு வெளிச்சத்தில் காட்டியது. பின்னால் உயரம் அளக்கும் கோடுகள்; முன்னால் வரிசையாக ஐந்து பேர். அடையாள அணிவகுப்பில் அந்தப் பக்கம் நிற்பது அவர்கள், இந்தப் பக்கம் நிற்பது நாம். போஸ்டரைப் பார்த்த நொடியிலேயே நம்மைச் சாட்சியாக்கி, 'இவர்களில் யார்?' என்று கேட்க வைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் காட்டுவதும் மறைக்கும் வழிதான் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் சொன்னால் படம் பார்க்காதவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

முகத்தை வைத்துச் செய்த வேலையில் எனக்கு உச்சமாகத் தெரிவது 1991ல் ஜோனதன் டெம்மி இயக்கிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' போஸ்டர். டான் பெய்லி என்ற வடிவமைப்பாளரின் கைவேலை. நாயகி ஜோடி ஃபாஸ்டரின் முகம் சட்டகத்தை நிரப்புகிறது. ரத்தம் வற்றியதுபோல் வெளிறிய முகம். நிறம் என்று இருப்பது கண்களிலும் வாயின் மேல் உட்கார்ந்திருக்கும் விட்டில் பூச்சியிலும்தான். பூச்சி உதடுகளை அப்படியே மூடியிருக்கிறது.

தலைப்பில் மௌனம், படத்தில் மூடிய வாய். இது முதல் அடுக்கு, எல்லாருக்கும் கிடைப்பது. படம் பார்த்தவர்களுக்கு இரண்டாவது அடுக்கு: கொலையுண்ட பெண்ணின் தொண்டைக்குள் ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவைக் கண்டெடுப்பார்கள், விசாரணைக்கே அது பெரிய தடயம். போஸ்டரில் வாயின் மேல் இருப்பது அந்தத் தடயத்தின் வளர்ந்த உருவம். கதையின் முக்கியமான துப்பை எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் வைத்துவிட்டார்கள், ஒருவருக்கும் அது துப்பு என்று தெரியாது.

மூன்றாவது அடுக்குதான் ஆச்சரியம். அந்த வகைப் பூச்சியின் முதுகில் இயற்கையாகவே மண்டையோடுபோல் ஒரு குறி இருக்கும். போஸ்டரில் இருப்பது இயற்கையான குறி இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த மண்டையோடு பெண்களின் உடல்களால் ஆனது. ஓவியர் சால்வடார் டாலியுடன் சேர்ந்து புகைப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன் 1951ல் எடுத்த படம் அது. ஏழு பெண்களை நிர்வாணமாக அமரவும் வளையவும் வைத்து மண்டையோட்டின் வடிவத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது வருடம் கழித்து அந்தப் படத்தைச் சுருக்கி ஒரு பூச்சியின் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள். பெண்களைக் கொன்று அவர்களின் தோலை உரிக்கும் ஒருவனைப் பற்றிய கதைக்கு, பெண் உடல்களால் ஆன மண்டையோடு. இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இந்தப் போஸ்டரில் இல்லாதவற்றையும் எண்ணிப் பாருங்கள். கத்தி இல்லை. ரத்தம் இல்லை. போலீஸ் சின்னம் இல்லை. படத்தில் எல்லாரும் பேசும் அந்த நரமாமிசம் தின்னும் மருத்துவர்கூட இதில் இல்லை. அவர் முகத்தை வைத்துச் செய்த வேறு வடிவம் தனியாக இருக்கிறது. பயத்தை உண்டாக்க ஒரு முகமும் ஒரு பூச்சியும் போதுமாக இருந்தன. ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம் அது. போஸ்டருக்கும் ஒரு விருது இருந்திருந்தால் ஆறாவதும் அதற்கே போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எதில் செய்தது என்பதும் பேசும்

வரைந்த உருவம் மட்டும் பொருள் தருவதில்லை, அதை எந்தப் பொருளில் செய்ததாகக் காட்டுகிறார்கள் என்பதும் தரும். இயக்குநர்கள் கோயன் சகோதரர்களின் 'ஃபார்கோ' (1996) இதற்கு நல்ல உதாரணம். குறுக்குத் தையல் போட்ட ஒரு துணிதான் போஸ்டர். வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டும் பூத்தையல் வகை. சாதாரணமாக அதில் பூவும் குருவியும் நல்வரவும் இருக்கும். இதில் பனியில் குப்புறக் கிடக்கும் ஓர் உடல், பக்கத்தில் கவிழ்ந்த கார். அமெரிக்காவின் வடக்கே, எல்லாரும் எல்லாரிடமும் இனிமையாகப் பேசும் பனிப்பிரதேசத்தில் பணத்துக்காக நடக்கும் கொலைகள்தான் கதை. விசாரிப்பவர் ஏழு மாதக் கர்ப்பிணியான போலீஸ் அதிகாரி. நல்லதனமும் குரூரமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை ஊசிநூல் சொல்லிவிட்டது. இதே காட்சியைப் புகைப்படமாக வைத்திருந்தால் வழக்கமான கொலைப் படமாகத்தான் தெரிந்திருக்கும்.

'பல்ப் ஃபிக்ஷன்' (1994) தன்னை ஒரு பழைய மலிவு நாவலாகவே வேடமிட்டுக்கொண்டது. மூலை மடிந்து, விளிம்பு தேய்ந்து, பத்து சென்ட் விலை போட்ட அட்டை. படுக்கையில் சிகரெட்டுடன் ஒரு பெண். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய க்ரைம் நாவல் அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மொழி உடனே புரியும்: மிரண்ட கண்கள், ஒரு கத்தி, விலை மூலையில்.

எழுத்தைப் படிக்காமல் பார்ப்பது

போஸ்டரில் இருக்கும் எழுத்தை நாம் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) தலைப்பு நடுவில் கிழிந்து விலகியிருக்கும். அது முதலில் படத்துக்குச் செய்ததே இல்லை. அதற்கு முந்தைய வருடம் வந்த ராபர்ட் பிளாக்கின் நாவலுக்காக டோனி பல்லடினோ செய்த அட்டை எழுத்து. ஹிட்ச்காக்குக்குப் பிடித்துப்போய்ப் படத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு மனம் இரண்டாக உடைந்திருப்பதை ஐந்தாறு எழுத்துகளே காட்டிவிட்டால் அதற்கு மேல் ஓவியம் எதற்கு?

'தி காட்ஃபாதர்' கதையும் இதேதான். தலைப்புக்கு மேலே ஒரு கை, பொம்மலாட்டக் கட்டையைப் பிடித்திருக்கிறது. அதிலிருந்து நூல்கள் எழுத்துகளை நோக்கி இறங்குகின்றன. 1969ல் மரியோ பூஸோவின் நாவல் அட்டைக்காக எஸ். நீல் ஃபுஜிதா வடிவமைத்தது. 1972ல் படம் வந்தபோது அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆட்டுகிற கை யாருடையது என்று போஸ்டர் சொல்லாது. கதையில் வரும் மாஃபியா குடும்பத்தின் தலைவருடைய கைதான் என்று முதலில் தோன்றும். கதை நகர நகர, அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவர் மேலும் ஒரு நூல் கட்டியிருப்பது தெரியவரும்.

கீழே பொடி எழுத்தில், நெடுநெடுவென்று ஒல்லியாக நிற்கும் பெயர் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலரும் அதைப் படிக்கவே முடியவில்லையே என்பார்கள். நடிகர்கள், கலைஞர்களின் பெயர் தலைப்பின் அளவில் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஹாலிவுட் ஒப்பந்தங்களில் எழுதிவிடுவது உண்டு. உயரம் குறையக் கூடாது, இடமும் இல்லை. அதனால் எழுத்தை அகலத்தில் நசுக்கிவிடுகிறார்கள். அது ஒப்பந்தம் செய்த வடிவமைப்பு.

சரி, பொய் சொல்லாத போஸ்டருக்கு இன்னும் ஓர் உதாரணம். 1974ல் வந்த 'சைனாடவுன்' படத்துக்கு ஜிம் பியர்சால் வரைந்தது. தொப்பி போட்ட துப்பறிவாளர் சிகரெட் பிடிக்கிறார். புகை மேலே எழுந்து ஒரு பெண்ணின் கூந்தலாகவும் முகமாகவும் விரிகிறது. பழைய துப்பறியும் படங்களின் எல்லா அடையாளங்களும் இருக்கின்றன. மர்மமான பெண், அவளிடம் மயங்கிய ஆண் என்று நாமே கதை கட்டிக்கொள்வோம். கீழே நீல அலை ஒன்று சுருண்டு வருகிறதே, அதை அழகுக்குப் போட்டதாக நினைத்துக் கடந்துவிடுவோம். படத்தில் குற்றத்தின் வேர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தண்ணீரில் இருக்கிறது. யாருக்குத் தண்ணீர் போகிறது, யாருடைய நிலம் காய்கிறது என்பதில்தான் கொலை தொடங்குகிறது. பதிலைப் போஸ்டரின் அடியில் வரைந்து வைத்துவிட்டு, நம் கண்ணைப் பெண்ணின் முகத்துக்கு அனுப்பிவிட்டார் ஓவியர்.

யாருக்காகச் செய்கிறார்கள்

ஒரே படத்துக்கு இரண்டு நாடுகளில் செய்த போஸ்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்துக்கு சால் பாஸ் செய்ததில் ஆரஞ்சுப் பின்னணியில் வெள்ளைச் சுழல். அதற்குள் விழும் ஓர் ஆணின் கறுப்பு உருவம், கூடவே கோடாக மட்டும் தெரியும் ஒரு பெண். அவளுக்கு உடல் இல்லை, வெளிக்கோடு மட்டும்தான் என்பதைப் படம் பார்த்தவர்கள் மறுபடி யோசிக்கலாம். அதே படத்துக்கு 1963ல் போலந்தில் ரோமன் செஸ்லெவிச் செய்ததில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு மண்டையோடும் வட்டக் கோடுகளும் மட்டும்.

போலந்து ஓவியர்கள் இப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே அன்று பட விநியோகம் அரசின் கையில் இருந்தது. நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டித்தான் டிக்கெட் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஓவியர் தனக்குத் தோன்றியதைச் செய்யலாம். அரசியலில் எத்தனையோ கெடுபிடிகள் இருந்த நாட்டில், போஸ்டர் ஓவியருக்கு ஹாலிவுட்டில் கிடைக்காத சுதந்திரம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் நிலைமை இதற்கு நேர் எதிர். சென்னை அண்ணா சாலையில் கையால் வரைந்த பிரம்மாண்ட பேனர்கள் நின்ற காலத்திலும் சரி, 2000களில் அவற்றின் இடத்தை டிஜிட்டல் அச்சு பிடித்த பிறகும் சரி, நட்சத்திரத்தின் முகம் இல்லாமல் பெரிய படத்தின் போஸ்டர் வெளிவருவது அபூர்வம். ஓடும் பேருந்திலிருந்து பார்த்தாலும் யார் படம் என்று தெரிய வேண்டும். அதனால் நம் வடிவமைப்பாளர்கள் அந்த முகத்துக்குள்ளேயே குற்றத்தை வைக்கப் பழகினார்கள்: பாதி முகத்தில் நிழல், கண்ணாடியில் பிரதிபலிக்கும் வேறொரு காட்சி, நெற்றியில் காயாத ரத்தம், கையில் விலங்கு. நல்லவனா கெட்டவனா என்று தெரியாத பாத்திரத்துக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ரசிகருக்கு வேண்டிய முகமும் கிடைக்கிறது, கதைக்கு வேண்டிய சந்தேகமும் நிற்கிறது.

ஆனால் சமீபத்தில் எங்கு பார்த்தாலும் வரும் ஒரு வழக்கம் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. சுவர் முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள், புகைப்படங்கள், அவற்றை இணைக்கும் சிவப்பு நூல், முன்னால் யோசனையோடு நாயகன். 'இது புலனாய்வுப் படம்' என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. எந்தப் படத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது என்பதே அதன் குறை. தலைப்பை விரலால் மறைக்கச் சொன்னேனே, அந்தச் சோதனையில் முதலில் தோற்பது இதுதான்.

இப்போது பலரும் போஸ்டரை முதலில் பார்ப்பது கைபேசியில், ஓடிடி தளத்தின் கட்டைவிரல் அளவுக் கட்டத்தில். அந்த அளவில் நுணுக்கம் காணாமல் போகும். ஒற்றை உருவம் தாங்கும். வெட்டுப்பட்ட உடலும் உள்ளங்கையும் அங்கே சுருங்கினாலும் நிற்கும். விட்டில் பூச்சி அப்படியில்லை. அதை மட்டும் கணினித் திரையில், கிடைப்பதிலேயே பெரிய படமாகத் தேடி எடுத்துப் பூச்சியின் முதுகைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏழு பேரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.